கால் மைல் தொலைவில் ஒரு சுடர்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் திருப்பண்ட அறையின் வாசலில் வந்து நின்றார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகன், தனக்கு மிகவும் பிடித்த ராக் இசைக்குழு ஒன்றைக் காண்பதற்காக, வெளியூரில் நடைபெறும் இசைவிழாவுக்குப் போயே தீருவேன் என்று நிற்கிறானாம். "நாங்கள் சொன்னால் கேட்கமாட்டான், சாமி ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்றார். மாலையில் அவனை அனுப்பிவைக்கும்படி கூறினேன்.

வந்தான். இரைச்சல், வீண்செலவு, போதை, கெட்ட சகவாசம் என்று நான்கு தலைப்புகளில் அவனுக்கு அறிவுரை வழங்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சாமி, அப்படிப்பட்ட விழாவைப் பற்றி நீங்கள் எப்போதாவது படித்ததுண்டா?" இல்லை என்பதே உண்மையான பதில். அறியாத ஒன்றைக் கண்டிப்பது நீதியன்று. ஆகவே ஒரு வாரத் தவணை கேட்டு அவனை அனுப்பிவிட்டு, இத்தகைய விழாக்களுள் உலகெங்கும் பேர்பெற்ற ஒன்றைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். படித்ததையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடைபெற்ற வுட்ஸ்டாக் இசைவிழாதான் அது. பெயர் வுட்ஸ்டாக், நடந்ததோ அவ்வூருக்கு நாற்பது மைல்களுக்கு அப்பால், பெத்தேல் என்னும் சிற்றூரில், மாக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலத்தில். பெத்தேல் என்றதும் உங்களுக்கு யாக்கோபின் நினைவு வரும். கல்லைத் தலைக்கு வைத்து அவர் வெட்டவெளியில் உறங்கி, விண்ணை எட்டிய ஏணியைக் கனவில் கண்ட இடத்தின் பெயரும் அதுவேயன்றோ!

விழா தொடங்கிய நாள் ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமை. நமக்கு அது தேவதாயின் விண்ணேற்புத் திருநாள். மூன்று நாள்களுக்கும் சேர்த்து முன்பதிவுக் கட்டணம் 18 டாலர். ஏறத்தாழ 1,86,000 பேர் முன்னதாகவே சீட்டு வாங்கியிருந்தனர்; வந்து சேர்ந்தவர்களோ நான்கு லட்சத்துக்கும் மேல். வேலி அடைத்து முடிந்திருக்கவில்லை. ஆகவே, கட்டணமின்றி யாவரும் வரலாம் என்று அறிவிப்பதைத் தவிர வேறு வழியில்லாது போயிற்று. தொடக்க நாளில் மேடையேறி அமைதியைப் பற்றி உரையாற்றியவர், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா என்பதும், அன்றிரவு மழைக்கிடையே சித்தார் வாசித்தவர் ரவிசங்கர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்திகள்.

அந்தத் தாயின் அச்சம் ஆதாரமற்றதன்று என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போதைப் பொருள்கள் அங்கே தாராளமாகப் புழங்கின. ஓர் இளைஞன் போதையால் உயிரிழந்தான். இன்னொருவன் வயலில் உறங்கிக்கொண்டிருந்தபோது, அவன் அங்கிருப்பதை அறியாமல் வந்த டிராக்டர் ஏறி மாண்டான். இரண்டு தாய்மார்களுக்கு அந்த விழாவின் பெயர் வாழ்நாள் முழுவதும் கண்ணீரின் பெயராயிற்று.

ஆனால் வேறொன்றும் அங்கே நடந்தது. கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகவே, உணவு தீர்ந்துபோயிற்று. சுற்றுவட்டார மக்கள் இதைக் கேள்விப்பட்டு, தங்கள் அடுக்களைகளில் இருந்ததைத் திரட்டத் தொடங்கினர். அருகிலுள்ள மான்டிசெல்லோ நகரின் யூத சமூக மன்றத்துப் பெண்கள் 200 ரொட்டிகளையும் 40 பவுண்டு இறைச்சித் துண்டுகளையும் கொண்டு சாண்ட்விச் செய்து தந்தனர். அவற்றை இளைஞர்களுக்குப் பகிர்ந்தளித்தவர்கள் புனித தோமையார் மடத்துக் கத்தோலிக்கக் கன்னியர். ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது, இருநூறு தெனாரியத்துக்கு அப்பம் வாங்கினாலும் ஆளுக்கொரு சிறு துண்டுகூட வராதே என்று பிலிப்பு ஆண்டவரிடம் கணக்குச் சொன்னார். யூதப் பெண்களும் நம் கன்னியரும் கணக்குப் பார்க்கவில்லை. நீண்ட முடியும் சேறு படிந்த ஆடையுமாக நின்ற அப்பிள்ளைகளின் கோலத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. பசியை மட்டுமே பார்த்தார்கள்.

இனி நான் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

அந்நாளில் "கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்" என்றொரு ராக் இசைக்குழு அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றிருந்தது. கலிபோர்னியாவில் பள்ளிச் சிறுவர்களாயிருந்தபோதே சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய நால்வர்: பாடகரும் பாடலாசிரியருமான ஜான் ஃபோகர்ட்டி, அவருடைய அண்ணன் டாம் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் ஆகியோர். 1969-ஆம் ஆண்டில் மட்டும் அவர்களுடைய இசைத்தட்டுத் தொகுப்புகள் மூன்று வெளிவந்தன. இவ்விழாவில் பாட முதன்முதலில் ஒப்புக்கொண்ட பெரிய குழுவும் அதுவே.

அக்குழுவின் ரசிகன் ஒருவனுடைய சனிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். சாலைகள் அடைபட்டுப்போனதால் காரை வழியிலேயே விட்டுவிட்டுப் பல மைல் நடந்து வந்திருப்பான். முந்தின இரவின் மழையில் நனைந்த தரையில், நான்கு லட்சம் பேருக்கு நடுவே கையகல இடம் பிடித்து உட்கார்ந்திருப்பான். நண்பகலுக்குச் சற்றுப் பின் அன்றைய இசை தொடங்குகிறது. ஒரு குழு இறங்க, மற்றொரு குழு ஏறுகிறது. இடத்தை விட்டு எழுந்தால் இடம் போய்விடும், எழாமலிருந்தால் பசி. பொழுது சாய்கிறது, இருள் கவிகிறது. இரவு பத்தரை மணியளவில் மேடையேறிய "கிரேட்ஃபுல் டெட்" குழுவினருக்கு, ஈரமான மேடையில் மின்கருவிகளைத் தொட்டபோதெல்லாம் மின்னதிர்ச்சி. இசை தடைப்பட்டுத் தடைப்பட்டு நகர்ந்தது. நள்ளிரவும் கடந்து ஞாயிறு பிறந்தபின்னரே, அவன் காத்திருந்த குழு மேடைக்கு வந்தது.

மேடையேறிய ஜான் ஃபோகர்ட்டி கண்ட காட்சியைப் பிற்காலத்தில் அவரே விவரித்திருக்கிறார். முழு வேகத்தோடு பாட வந்தவரின் முன்னே, மக்கள் திரள் உறங்கிக் கிடந்தது. சேறு பூசிய உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தது, தாந்தே வருணித்த நரகக் காட்சியைப் போலிருந்ததாம். உறங்குகிறவர்களுக்கு யார்தான் பாடமுடியும்? மனம் சோர்ந்துபோன அந்நேரத்தில், கால் மைலுக்கு அப்பால், அந்தச் சரிவின் மறுகரையில், ஒருவன் சிகரெட் லைட்டரைத் தட்டி ஏற்றினான். இருளில் ஒரு சிறு சுடர்; அதையடுத்து ஒரு குரல். "கவலைப்படாதே ஜான், நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்பது அக்குரலின் பொருள். அன்றைய கச்சேரியின் எஞ்சிய பகுதி முழுவதையும் அந்த ஒருவனுக்காகவே தாம் பாடியதாக ஃபோகர்ட்டி கூறியிருக்கிறார்.

அன்று பாடியது தமக்கு நிறைவளிக்கவில்லை என்று கருதி, 1970-இல் வெளியான விழாத் திரைப்படத்தில் தம் குழுவின் இசையைச் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து 2019-இல் அந்த ஒலிப்பதிவு முழுமையாக வெளிவந்தபோது, கேட்டவர் பலர் அதன் வேகத்தைக் கண்டு வியந்தனர். உறங்கியோர் நடுவே விழித்திருந்த ஒருவனுக்கும் அதில் பங்குண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

அன்பர்களே, இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாளாவிருந்தேன். மழைக்கால வாரநாள்களில் காலைத் திருப்பலிக்கு ஏழெட்டுப் பேரே வருகிறார்கள். அவர்களிலும் சிலர் மறையுரையின்போது கண்ணயர்ந்துவிடுவதுண்டு. குறை சொல்லவில்லை, விடியுமுன் எழுந்து வேலை செய்துவிட்டு வருகிறவர்கள். ஆயினும், ஆயத்தம் செய்துகொண்டு நிற்கும் குருவின் மனத்தில் ஒரு சோர்வு படியத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் மூன்றாவது பெஞ்சில் அமரும் ஒரு பாட்டி என் முகத்தையே நோக்கியிருப்பார். ஒரு கருத்து மனத்தில் பட்டால் மெல்லத் தலையசைப்பார். என் மறையுரைகளில் பல அந்தத் தலையசைப்பினால் நின்றவை. அவருக்கு இது தெரியாது. இன்றுவரை நான் சொன்னதுமில்லை.

நம் ஆண்டவரும் ஓர் இரவில் இதையன்றோ கேட்டார்! கெத்சமனித் தோட்டத்தில் அவர் தம் சீடர்களிடம் வாளையோ காவலையோ கேட்கவில்லை. ஒரு மணி நேரம் தம்மோடு விழித்திருப்பதையே கேட்டார். மூன்று முறை திரும்பி வந்து பார்த்தார். மூன்று முறையும் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்திருந்து கேட்பதைச் சிறிய உதவி என்று நாம் எண்ணுகிறோம். வியர்வை இரத்தமாய் வடிந்த வேளையில் கடவுளின் திருமகனே தேடிய உதவி அதுதான்.

இக்கதைக்குத் துயரமான பிற்பகுதி ஒன்றும் உண்டு. அன்று ஒரே மேடையில் நின்ற அண்ணன் தம்பி இருவருக்குமிடையே மனத்தாங்கல் முற்றி, 1971-இல் டாம் குழுவை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே குழுவும் கலைந்தது. 1990-இல் டாம் இறந்தார். அதுவரையிலும் சகோதரர்களின் பிணக்கு முற்றாகத் தீரவில்லை. இதை அவர்கள்மேல் குற்றமாகச் சொல்ல நமக்கு உரிமையில்லை; நம் வீடுகளிலும் நடப்பது இதுதானே. கால் மைல் தொலைவிலிருந்து வரும் அந்நியனின் குரல் காதில் விழுகிறது. கையெட்டும் தூரத்தில் நிற்கும் உடன்பிறந்தவனின் குரல் விழுவதில்லை. நிலத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டு, எதிரெதிர் வரிசைகளில் முழந்தாளிட்டுச் செபிக்கும் சகோதரர்களை இக்கோவிலிலேயே நான் அறிவேன்.

தவணை முடிந்து அந்த இளைஞன் மீண்டும் வந்தான். இம்முறை நான் அறிவுரையைத் தொடங்கவில்லை. "அந்தக் குழுவிடம் உனக்கு என்ன பிடித்திருக்கிறது? சொல், கேட்கிறேன்" என்றேன். முக்கால் மணி நேரம் பேசினான். தேர்வில் தோற்று, வீட்டில் யாரிடமும் பேசப் பிடிக்காமல் கிடந்த ஆறு மாதங்களில், அந்தப் பாடல்களே தனக்குத் துணையாயிருந்தன என்றான். முன்பு நான் அறிவுரை சொன்ன அன்று இதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே இருக்கவில்லை.

மறுநாள் அவன் தாயை அழைத்துப் பேசினேன். நல்ல நண்பர்களோடு போகட்டும்; போதையின் பக்கம் தலைவைப்பதில்லை என்று வாக்குக் கொடுக்கட்டும்; அவ்வூரில் ஞாயிறு திருப்பலி எத்தனை மணிக்கு என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அம்மூன்றுக்கும் அவன் ஏற்கெனவே இசைந்திருந்தான். தாயிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே: "அவன் திரும்பி வந்து கதை சொல்லத் தொடங்கும்போது, அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்காருங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை புத்திமதி வேண்டாம்."

பெத்தேலில் கண்விழித்த யாக்கோபு, ஆண்டவர் அவ்விடத்தில் இருந்ததைத் தாம் அறியாமல் போனதை எண்ணி அஞ்சினார். என் மேசைக்கு எதிரே அமர்ந்த ஒரு பிள்ளையின் வார்த்தைகளுக்குள் அவர் காத்திருந்ததை நானும் முதலில் அறியவில்லை. இம்மாதம் உங்கள் வீட்டில் யார் இருளில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது வயதான மாமியாராக இருக்கலாம், வேலை கிடைக்காத மகனாக இருக்கலாம், பேச்சற்றுப்போன கணவராகவும் இருக்கலாம். அவர்களுக்காக ஒரு மணி நேரம் விழித்திருங்கள்.

மூன்றாவது பெஞ்சுப் பாட்டிக்கு இவ்வார நன்றியைக் கோவில் வாசலில் நேரிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை