நான் எடுத்தது கொப்பிதான், திருட்டு அல்ல

போன மாதம் பீடத்துக் கன்டீனில் உட்கார்ந்து ஒரு பழைய கேம் டிஸ்கை லெப்டொப்பில் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். கிரான் டுரிஸ்மோ 4. பிளேஸ்டேஷன் 2-க்கான ஒரிஜினல் டிஸ்க், கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் தம்பி தேடிப்பிடித்து வாங்கியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த தோழர் ஸ்க்ரீனைப் பார்த்தார். “தோட்டத் தொழிலாளிக்கு நியாயமான சம்பளம் வேணும்னு மேடையில பேசுற. இங்க உட்கார்ந்து அடுத்தவன் உழைப்ப கொப்பி அடிக்கிற” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த நேரம் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அப்பா விடிய முன்னமே பால் வெட்டப் போய்விடுவார். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. 2011-இல் லீவில் வந்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடி முடித்த பிஎஸ்2 ஒன்றையும் இதே கேமின் டிஸ்க் ஒன்றையும் துணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எங்கள் காம்பராவில் இஸ்தோப்பு வரைக்கும் பிள்ளைகள். கார் ஓட்டுவது ஒருவர், “பிரேக்கப் புடி” என்று கத்துவது பத்துப்பேர்.

சப்ரகமுவ மழையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். எங்கள் பக்கமும் குறைச்சல் இல்லை. தகரம் ஒழுகும், சுவர் வேர்க்கும். செருப்பு, ஸ்கூல் பேக், அல்பத்துக் கல்யாணப் படம் எல்லாத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். டிஸ்கிலும் பிடித்தது. (சிரிக்க வேண்டாம். 2001-இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸில், சீடிக்குள் இருக்கும் உலோகப் படலத்தையே தின்னும் பூஞ்சை ஒன்றைக் கண்டார்கள். அதுவும் நம்மைப்போலப் புழுக்கமான நாடுதான்.) யாரோ சொன்னார்களென்று தம்பி பற்பசை போட்டுத் தேய்த்தான். அன்றோடு சரி. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டாலும் அந்தச் சிவப்புத் திரைதான்.

இதில் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது, டிஸ்க் பழுதாக முன்பே நாங்கள் யோசித்துவிட்டோம் என்பதுதான். டவுனில் ஒரு சீடி கடை. அங்கே கள்ளக் கேம்கள் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வரிசையாகத் தொங்கும். எங்கள் டிஸ்குக்கு ஒரு கொப்பி அடித்துத் தரச்சொல்லிக் கேட்டோம். “அடிச்சுத் தரலாம் தங்கச்சி, ஆனா ஒங்க மெசின்ல ஓடாது. சிப் போடணும்” என்றார் கடைக்காரர். சிப்புக்கு அவர் சொன்ன விலை அப்பாவின் பல நாள் சம்பளம். திரும்பி வந்துவிட்டோம்.

ஏன் ஓடாது? டிஸ்கில் இருக்கும் தரவைக் கணினி டிரைவ் வாசிக்கும், கொப்பியும் எடுக்கும். பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது பிளேஸ்டேஷனில் சோனி என்ன செய்தது என்றால், டிஸ்கின் உள்வட்டத்தில் தடத்தையே மிக நுட்பமாக நெளியவைத்து, அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றை ஒளித்துவைத்தது. நம்மிடம் இருக்கும் டிரைவ் தரவை எழுதும், நெளிவை எழுதாது. மெசின் நெளிவைத் தேடும். இல்லையென்றால் டிஸ்கை ஏற்காது. பிஎஸ்2-க்கும் இதே குணம்தான், கொப்பியில் ஏறாத ஓர் அடையாளத்தைக் கேட்கும். சிப் என்பது, “ஒரிஜினல்தான்” என்று மெசினிடம் பொய் சொல்லும் ஒரு துண்டு. அவ்வளவுதான்.

இந்தப் பூட்டு யாரைத் தடுத்தது சொல்லுங்க? கடைக்காரரை இல்லை. அவரிடம் சிப்பும் இருந்தது, கள்ள டிஸ்கும் இருந்தது, ரெண்டிலும் லாபம். பக்கத்து லயத்தில் சிப் போட்ட மெசின் ஒன்றில் நாங்களும் கள்ளக் கேம் விளையாடியிருக்கிறோம், மறைக்கவில்லை. அந்த மெசின் கடைசிவரை ஓடியது. ஒரிஜினல் வைத்திருந்த எங்களுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

திருட்டு என்ற சொல்லுக்கு வருவோம். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைத் தோழர் வாசிக்க வேண்டும். கணினி நிரலின் பிரதி ஒன்றைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பழுதானாலோ மாற்றாக வைக்க ஒரு கொப்பி எடுக்கலாம், உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்கிறது. ஒரேயொரு கொப்பி. டிஸ்க் சட்டப்படி நம்முடையதாக இல்லாமல் போனால் கொப்பியையும் அழிக்க வேண்டும். நான் எடுத்ததும் ஒன்றுதான். தம்பி டிஸ்கை விற்றால் அழித்துவிடுவேன். இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டத்திலும் இதுமாதிரி ஒரு விலக்கு உண்டு.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சொந்தப் பாவனைக்குக்கூட முழுப் புத்தகத்தையும் போட்டோகொப்பி எடுக்கக்கூடாது. தோழரின் பையில் அன்றைக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்ட போட்டோகொப்பிப் புத்தகம் மூன்று இருந்தது. அதற்காக அவரைத் திருடன் என்று சொல்லமாட்டேன். கடையில் பத்தாயிரம் சொல்கிற புத்தகத்தைக் கலைப்பீட மாணவன் வேறெப்படி வாசிப்பான்? ஆனால் சட்டம் என் பக்கம் இருக்கும்போது, அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் எனக்கு வகுப்பெடுக்கக்கூடாது.

சட்டத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. ஒரு பிரிவில் கொப்பி எடுக்கலாம் என்கிறது. இன்னொரு பிரிவில், பூட்டைத் தாண்ட உதவும் கருவிகளை விற்பனைக்குச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் தடுக்கிறது. கொப்பி எடுக்கலாம், ஓட்டத்தான் வழி இல்லை. அவுஸ்திரேலியாவில் சிப் விற்ற ஒருவர்மேல் சோனி போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இந்தப் பூட்டு கொப்பி எடுப்பதைத் தடுக்கவில்லை, ஓடுவதை மட்டும்தான் தடுக்கிறது, அதனால் சிப் குற்றமில்லை என்று 2005-இல் சோனிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடமே சட்டத்தை மாற்றினார்கள்.

‘உழைப்பு’ என்றாரே, அதைத்தான் நானும் கேட்கிறேன். கிரான் டுரிஸ்மோ 4-ஐ இன்றைக்குப் புதிதாக வாங்க எந்தக் கடையும் இல்லை, சோனியின் இணையக் கடையிலும் இல்லை. எங்கள் டிஸ்க் செத்தபோது அதைச் செய்தவர்களுக்கு ஒரு சதமும் போகவில்லை. பழைய சாமான் கடையில் தம்பி கொடுத்த காசும் போகவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த பழைய கேம்களில் 87 வீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-இல் கணக்குச் சொன்னது. இவ்வளவு பேரின் உழைப்பு இன்றைக்கு மிஞ்சியிருப்பது யாரோ ஒருவர் அலமாரியில் வைத்திருக்கும் டிஸ்கிலும், அதன் கொப்பியிலும்தான்.

“கேம்தானே, புத்தகமா?” என்றும் கேட்பார்கள். 1981-இல் யாழ் நூலகத்தோடு எரிந்தது சுமார் 97,000 நூல்கள் என்று ஒவ்வொரு ஜூனிலும் எழுதுகிறோம். 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைக் கட்டுரைக்கு முதல்நாள் இரவு எல்லாரும் திறக்கிறோம். ஒரு கார் கேமை அதோடு ஒப்பிடுமளவுக்கு எனக்குப் புத்தி கெடவில்லை. ஆனால் ஒரே ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு நம்பியிருப்பது எப்படி முடியும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழ்களின் கொப்பி கொழும்பில் மாமா வீட்டிலும் இருக்கிறது. 2016 மே அரநாயக்க மண்சரிவுக்குப் பிறகு அப்பா செய்த ஏற்பாடு. அதையும் திருட்டு என்பாரா?

தம்பி இப்போது ஒரிஜினலை வெளியே எடுப்பதே இல்லை. அரிசிப் பொதி மாதிரி மூன்று பொலித்தீனில் சுற்றி அம்மாவின் சூட்கேஸில் வைத்திருக்கிறான். விளையாடுவது லெப்டொப்பில், அந்தக் கொப்பியில். தோழர், உங்கள் அக்காவின் கல்யாண டிவிடி ஒன்று வெள்ளைப் புள்ளி விழுந்து கிடக்கு என்று ஒருநாள் சொன்னீங்களே. டிரைவ் என்னிடம்தான் இருக்கு, கன்டீனுக்கு எடுத்துட்டு வாங்க.