விளக்கை அணைக்காதீங்க, கோளாறைப் பாருங்க

கார் வைத்திருக்கும் எல்லோரும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நீளமான இழை. சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

சீட் பெல்ட் போடாவிட்டால் கார் 'டிங் டிங்' என்று கத்தும். அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்கென்றே ஒரு கிளிப் விற்றார்கள். பெல்ட் மாட்டும் பூட்டில் அதைச் செருகினால் போதும், பெல்ட் போட்டாச்சு என்று நம்பி கார் வாயை மூடிக்கொள்ளும். பெல்ட்டை இழுத்து மாட்ட ஆகும் நேரம் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடிக்கக் காசு கொடுத்து ஒரு பொருள்! 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டுத்தான் அதை விற்பனையிலிருந்து எடுக்க வைத்தது. அந்த அளவுக்கு வியாபாரம் ஓடியிருக்கிறது.

2022-இல் இந்தியாவில் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. அதில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் இல்லை, கூட உட்கார்ந்து வந்தவர்கள்.

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு மெக்கானிக் வேலை?" என்று கமென்ட் வரும். சொல்கிறேன். நெஞ்சு வலித்தால் "கேஸ் ட்ரபுள்" என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுக்கிறவரும், டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் "அது சும்மா சென்சார் பிரச்சினை" என்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். நமக்கு எச்சரிக்கை தெரியாமல் இல்லை. அது வாயைத் திறந்தாலே பிடிக்கவில்லை. எதையாவது செய்து அதன் வாயை அடைத்துவிட்டால் நோய் போய்விட்டதாக நினைக்கிறோம். அதன் பலன் கடைசியில் எங்கள் கேஷுவால்டிக்குத்தான் வந்து சேர்கிறது.

"ஏர்பேக் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் கிடையாது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெடித்து விரியும். பெல்ட் உங்களைப் பின்னால் பிடித்து வைத்திருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது அது. பெல்ட் இல்லாத உடம்பு, விரிந்துகொண்டிருக்கும் பையின் மேல் நேராகப் போய் மோதும். முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் அடி வாங்கும். பின் சீட்டில் பெல்ட் போடாதவர் முன்னால் இருப்பவர் மேல் போய் விழுவார். அவர் அறுபது கிலோ அம்மாவாக இருந்தாலும் அந்த வேகத்தில் மூட்டைக் கல் மாதிரிதான்.

இன்னொரு வாய்மூடல் வேலை உண்டு. பழைய கார் வாங்கும்போது சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். எஞ்சின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒரு முறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். எரிந்து அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையா? பல்பு போயிருக்கலாம், யாரோ கழற்றியும் இருக்கலாம். கோளாறைச் சரிசெய்யாமல் விளக்கைப் பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈசிஜி மெஷினை ஆஃப் செய்துவிட்டு "ஹார்ட் நார்மல்" என்று சொல்வது போல.

நிறத்தைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்த வேண்டும். அலாவுதீன் விளக்கு போல ஒரு சிவப்புப் படம் வருமே, அது எஞ்சின் ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். "வீடு பக்கம்தான், மெதுவா ஓட்டிடலாம்" என்ற பேச்சே கூடாது. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். டெம்பரேச்சர் முள் மேலே ஏறினாலும் அதே கதை. ஆனால் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முகமும் கண்ணும் வெந்துவிடும். நன்றாக ஆறட்டும்.

இப்போது டயர். நம்ம ஊரில் வெயில் காலம் வந்தால் ஒரு இலவச ஆலோசனை சுற்றும்: "சூட்டுல டயர் வெடிக்கும், காத்தைக் குறைச்சு வை." தலைகீழ்! காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடக்கலில்தான் சூடு பிறக்கிறது. நாற்கரச் சாலையில் நூறில் போகும்போது, ஃபுல் லோடில், மே மாத மதியத்தில் அது எங்கே போய் முடியும் என்று யோசியுங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். பங்க் பையன் சொல்வது, மச்சான் சொல்வது எதுவும் வேண்டாம், அந்த ஸ்டிக்கர்தான் கணக்கு. டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். ஸ்டெப்னிக்கும்தான்.

டயருக்கு வயசும் உண்டு. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியதை வருடா வருடம் கடையில் காட்டுங்கள். பத்து வருடமானதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள், ரப்பர் காய்ந்திருக்கும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது மொட்டை டயர், மழையில் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ரத்தக்குழாய் பலவீனமாகி பலூன் மாதிரி புடைப்பதை நாங்கள் அனியூரிசம் என்போம். அது வெடிக்கும் தேதியை யாராலும் சொல்ல முடியாது. இதுவும் அப்படித்தான்.

ஆயுத பூஜைக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். தாராளமாக வையுங்கள், நானும் வைக்கிறேன். குனிந்து வைக்கிற அந்த நிமிஷத்தில் அந்த நான்கு இலக்கத்தையும் படித்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிரேக்கில் 'கீச்' சத்தம் விடாமல் வந்தால் பேடு தேய்ந்துவிட்டது என்று அதுவே சொல்கிறது. சொல்வதற்கென்றே சில பேடுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். நாம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம். 'கர்ர்' என்று இரும்பு உரசினால் பேடு முடிந்தே போயிற்று. பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் பெரும்பாலான கார்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிறகு "பிரேக் திடீர்னு பிடிக்கல" என்போம். மலை இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

காருக்குள் புகை வாடை வந்தாலோ, சைலன்சர் சத்தம் திடீரென்று மாறினாலோ சாதாரணமாக விடாதீர்கள். புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, அப்புறம் தூக்கம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர்கூட அதைக் கண்டுபிடிக்காமல் 98 என்று காட்டும். ஏசி போட்டு, நிறுத்திய காருக்குள் தூங்குகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

"சர்வீஸ் சென்டர் போனா பில்லைத் தீட்டுறாங்களே டாக்டர்?" உண்மை. எஞ்சின் ஃப்ளஷ், அந்தக் கோட்டிங், இந்தப் பாலிஷ் என்று நீட்டுவார்கள். கார் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் பாலிஷுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு பிரேக் பேடில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிகிறது.

கடைசியாக, டிரைவர் வைத்திருக்கும் முதலாளிகள், டாக்ஸி ஓனர்கள், ஸ்கூல் வேன் நடத்துகிறவர்கள். உங்கள் வண்டியின் முதல் எச்சரிக்கை விளக்கு டேஷ்போர்டில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. "சார், பெடல் கொஞ்சம் உள்ள போகுது" என்று அவர் சொன்னால் "இந்த ட்ரிப் முடிச்சிட்டு வா, பாத்துக்கலாம்" என்கிறீர்கள். இன்னொரு தடவை சொன்னால் "வேலை செய்யத் தெரியாதவனுக்கு ஆயிரம் சாக்கு." மூன்றாவது தடவை அவர் சொல்ல மாட்டார். அதற்கப்புறம் ஏதாவது நடந்தால் வழக்கில் முதல் பெயர் பெரும்பாலும் அவருடையதுதான். ஐசியு வாசலில் நிற்கிற குடும்பமும் அவருடையதாகத்தான் இருக்கும். உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அடுத்த ட்ரிப்புக்கு முன்னால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.

டிரைவர் தம்பிகளே, வாயால் சொன்னதோடு விடாதீங்க. "பிரேக் சரியில்லை, இன்னைக்குச் சொல்லிட்டேன்" என்று ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வையுங்க. தேதியோடும் நேரத்தோடும் அது அங்கேயே நிற்கும்.