பரிவே தலைமை

மேற்கே பாய்ந்த பெரியாற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து, நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு நீர் தந்த முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பிறந்தநாளாகிய சனவரி 15-இல் நம் மக்கள் பொங்கலிட்டு வணங்குகின்றனர். 2013-இல் லோயர்கேம்ப்பில் மணிமண்டபமும் எழுந்தது. தகுந்த சிறப்பே! ஆனால் அடர்ந்த காட்டில் மலேரியாவுக்குப் பலியான கூலித் தொழிலாளர் பலரின் பெயரை நாம் அறியோம்.

வகுப்புத் தலைவி, பேசுவோரின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது எளிது. கடைசி வரிசையில் வாடியிருப்பவளிடம், "காலையில் சாப்பிட்டாயா?" என்று கேட்பதற்கே நெஞ்சில் ஈரம் வேண்டும். நாள்தோறும் நம் வகுப்பறையைப் பெருக்கும் ஆயாம்மாவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைக் கேட்டறிவோம். தலைமைப் பயிற்சி அங்கே தொடங்கட்டும்!