கம்பங்கூழ் இனிச்சது யாருக்கு?

இந்தத் தடவை வெள்ளாமை பத்தி எழுதலை. கொஞ்சம் சண்டை போட வந்திருக்கேன். கோவிச்சுக்காம படிங்க. கோவம் வந்தாலும் பரவாயில்லை, முழுசாப் படிச்சுட்டு கோவிச்சுக்கங்க.

பொங்கல், தீபாவளி பக்கத்துல வந்துட்டாப் போதும், என் போன்ல வரிசையா படம் வந்து விழுது. அம்மிக்கல், ஆட்டுக்கல், அரிக்கேன் விளக்கு, பொட்டிக்கடை பாட்டில்ல தேன் மிட்டாய். கீழ ஒரு வரி: "அந்தக் காலம் பொற்காலம், திரும்ப வருமா?" அனுப்புறவங்க முக்காவாசிப் பேரு சென்னை, கோயமுத்தூரு, பெங்களூருல இருக்கிற சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க.

அந்தக் காலம் வரவே வேண்டாம்னு சொல்றவன் நான். அந்தக் காலத்துல பொறந்து, அந்தச் சோத்தைத் தின்னு, இன்னைக்கும் அதே ஊருல மண்ணைக் கிண்டிக்கிட்டு இருக்கிறவன். அதனால சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

மொதல்ல திம்பண்டத்துல இருந்து வருவோம். கமர்கட்டு, கல்கோனா, சவ்வு மிட்டாய், குருவி ரொட்டி, சீரணி, காரச்சேவு, சேமியா ஐஸ். பேரைச் சொன்னாலே எனக்கும் நாக்குல எச்சி ஊறும், பொய் சொல்லலை. ஆனா அது ஏன் அவ்வளவு இனிச்சதுன்னு யோசிச்சுப் பாருங்க. கெடைக்காததால இனிச்சது. அஞ்சு பைசா கேட்டா முதுகுல ஒண்ணு விழும். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக குலுக்கையில இருந்து ஒரு பிடி சோளத்தையோ கடலையையோ டவுசர் பையில அள்ளிக்கிட்டுப் போயி ஐஸ்காரர்கிட்டக் கொடுத்து மாத்தித் திங்கும். நீங்க அதைக் குறும்புன்னு எழுதுறீங்க. அந்த ஒரு பிடி சோளம் ராத்திரிச் சோத்துல குறையும்னு அம்மாவுக்குத் தெரியும்.

எங்க பக்கம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா பெருசு. முல்லையாத்தங்கரையில ராட்டினமும் கடையுமா ஊரே மாறிப்போயிடும். வருஷம் பூராவும் நாங்க காத்துக் கெடக்கிறது அந்த ஒரு நாளுக்குத்தான். ஒரு பொட்டலம் அல்வாவை அஞ்சு பேருக்குப் பங்கு வைப்பாங்க. பங்கு வச்சது பாசம்னு எழுதுறீங்க. பாசமும் இருந்தது. ஆனா அஞ்சு பொட்டலம் வாங்க வக்கு இருந்திருந்தா அம்மா அஞ்சு பொட்டலமே வாங்கியிருக்கும்.

அடுத்தது சோறு. கம்பங்கூழ், கேப்பைக்களி, சோளச்சோறுன்னு இப்ப நட்சத்திர ஓட்டல்ல மண்சட்டியில வைக்கிறாங்களாம். எங்க கதையைக் கேளுங்க. பெரியாறு அணை கட்டி முடிச்சது 1895ல. அந்தத் தண்ணியில லோயர் கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் வெளையிற பள்ளத்தாக்கு இது. வயக்காட்டைப் பார்த்தா கண்ணுக்கு எட்டுன தூரம் பச்சை. ஆனா மலையடிவாரத்துல மானாவாரிக் காடு வச்சிருந்த எங்க மாதிரி வீட்டுல நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். இட்லி, தோசையும் அப்படித்தான். அந்த நெல்லை நட்டு, களை பறிச்சு, அறுத்துக் கொடுத்த பொம்பளைக வீட்டுக்கு வந்து குடிச்சது கூழ். ஆரோக்கியம்னு நாங்க கம்பு திங்கலை. நெல்லு எட்டலை, அதனால தின்னோம்.

சரி, அந்தக் கூழு எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? கம்பைக் கொண்டாந்து அப்படியே பானையில போட முடியாது. தண்ணி தெளிச்சுப் பிசறி, உரல்ல போட்டு இடிக்கணும். தவிடு பிரியும். சுளகுல போட்டுப் புடைக்கணும். மறுபடி உரல்ல போட்டு மாவும் நொய்யுமா ஆகுற வரைக்கும் இடிக்கணும். அப்புறம் பெரிய பானையில கொதிக்க வச்சு, அடிப்பிடிக்காமக் கிண்டி இறக்கணும். மறுநாளு கரைச்சு மோர் ஊத்தினாத்தான் உங்க கம்பங்கூழ்.

எங்க அம்மா நாலு மணிக்கு எந்திரிக்கும். பக்கத்து வீட்டு அத்தையும் வரும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உலக்கை போடுவாங்க. அந்தச் சத்தத்துலதான் நாங்க முழிப்போம். அந்தச் சத்தத்தைக் கூட இப்ப இசைன்னு எழுதுறாங்க! இடிச்சு முடிச்சு, சாணி அள்ளி, கெணத்துல தண்ணி எடுத்து, கூழைக் கரைச்சு வச்சுட்டு ஏழு மணிக்கெல்லாம் களையெடுப்புக்குப் போயிரும். சாயங்காலம் வர்றப்போ தலையில வெறகுச் சுமை. வந்த உடனே அம்மி. மொச்சைக் குழம்புக்கு மொளகா, மல்லி, சீரகம் எல்லாம் அம்மியில அரைச்சாகணும். கையெல்லாம் மொளகா எரிச்சல். அதோட பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாதுன்னு எங்க அப்பத்தாவை ஊட்டச் சொல்லும். எல்லாரும் தின்ன பெறகு வெஞ்சனம் இருந்தா அதுக்கு உண்டு. இல்லாட்டி வெங்காயத்தைக் கடிச்சுக்கும்.

வெறகடுப்புச் சமையல் வாசமா இருக்குமாம். வாசம் திண்ணைக்கு வந்துச்சு. பொகை அடுப்படியிலயே நின்னுச்சு. வீட்டுக்குள்ள வெறகு, சாணி எரிக்கிற பொகையால 2020ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேரு செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. எங்க அப்பத்தா கடைசிப் பத்து வருஷம் இருமிக்கிட்டேதான் கெடந்துச்சு. பீடி குடிச்சதில்லை, வெத்தலை போட்டதில்லை. ஊதாங்குழல் மட்டும்தான் ஊதுச்சு.

போன பொங்கலுக்கு என் தங்கச்சி மகன் சென்னையில இருந்து வந்தான். கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன்தான். கொல்லையில கெடந்த ஆட்டுக்கல்லைப் பார்த்துட்டு, "மாமா, இதை ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க? அம்மாச்சியை உக்கார வச்சு மாவாட்டச் சொல்லி ஒரு வீடியோ எடுக்கலாம்"னான். எங்கம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகுது. வலது தோள்பட்டைக்கு மேல கையைத் தூக்க முடியாது. அது சிரிச்சுக்கிட்டே, "ஏய்யா, நீ உக்காந்து ஆட்டு. நான் அந்தப் போனை வச்சுப் புடிக்கிறேன்"னுச்சு. பய ஒக்காந்தான். கால் படி அரிசி ஆட்டுறதுக்குள்ள மூணு தடவை எந்திரிச்சு இடுப்பை நெட்டி முறிச்சான். "என்ன மாப்ள, பொற்காலம் எப்படி இருக்கு?"ன்னேன். "மாமா, மிக்ஸியில போட்டுருவோம்"னான். அந்த வீடியோவை மட்டும் அவன் யாருக்கும் அனுப்பலை!

அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு இருந்தாங்கன்னு அடுத்து ஒண்ணு சொல்வீங்க. நூறு வயசு இருந்தவரு உங்க கண்ணுக்குத் தெரியிறாரு. மத்தவங்க எங்க போனாங்க? 1970-75ல இந்தியாவுல சராசரி ஆயுள் 49.7 வருஷம். 2016-20ல அது 70. அது குழந்தைச் சாவையும் சேர்த்த கணக்குன்னு படிச்சவங்க சொல்வீங்க. சரி, அதைத் தனியாவே பார்ப்போம். 1971ல தமிழ்நாட்டுல பொறந்த ஆயிரம் குழந்தையில 113 ஒரு வயசு முடியுறதுக்குள்ள செத்துப் போச்சு. 2020ல அது 13. எங்க தெருவுல ஒரு பிள்ளையாவது பறிகொடுக்காத வீட்டை விரல் விட்டு எண்ணிரலாம். அந்தத் தாய்க யாரும் பொற்காலம்னு சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பச் சர்க்கரை வியாதி இல்லையேன்னு கேப்பீங்க. இப்பத் திங்கிற பாக்கெட்டுக் குப்பையை நான் நல்லதுன்னு சொல்லலை. என் பேரன் கையில இருந்து நானே பிடுங்கிப் போட்டிருக்கேன். ஆனா நாங்க கூழு குடிச்சதோட சேர்த்து பத்து மணி நேரம் வெயில்ல குனிஞ்சும் கெடந்தோம். வயித்துக்கு நெறைய இல்லாமலும் கெடந்தோம். ஏசி ரூம்ல ஒக்காந்துக்கிட்டு கூழை மட்டும் குடிச்சா பழைய ஒடம்பு வந்துராது.

இன்னொண்ணு. டீக்கடைப் பெஞ்சு, ரேடியோப் பொட்டி, தினத்தந்தின்னு உருகுறீங்க. அந்தப் பெஞ்சுல எல்லாராலயும் உக்கார முடிஞ்சதா? ஒரு தெருவுக்காரங்களுக்குத் தனி டம்ளர், அதுவும் அவங்களே கழுவி வைக்கணும். சில கடையில செரட்டைதான். தரையில குந்தித்தான் குடிக்கணும். எல்லாரும் ஒண்ணாத் தாயாப் புள்ளையாப் பழகினோம்னு எழுதுறதுக்கு முன்னாடி, அந்தச் செரட்டையில குடிச்சவங்க வீட்டுப் பேரப்பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

எனக்கு ரொம்ப எரிச்சல் எதுல தெரியுமா? 2011ல அரசு வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், பேன் கொடுக்க ஆரம்பிச்சப்போ, "ஓசியில கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்குறாங்க"ன்னு சொன்னதும் இதே ஆளுகதான். உங்க வீட்டுல மிக்ஸி இருந்தா வசதி, எங்க வீட்டுக்கு வந்தா சோம்பேறித்தனமா? 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டாந்தப்பவும் இப்படித்தான் பேசினாங்க. அந்தத் தட்டுல வாங்கித் தின்ன பிள்ளைக இன்னைக்கு உங்க பக்கத்துச் சீட்டுல உக்காந்து வேலை பாக்குதுக.

இன்னைக்கும் விடியக்காலையில கம்பத்துலயும் கூடலூர்லயும் வந்து நின்னு பாருங்க. ஜீப்பு ஜீப்பாப் பொம்பளைக குமுளி வழியாவும் கம்பம் மெட்டு வழியாவும் கேரளா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறாங்க. பிள்ளைக்குச் சோறாக்கி, தூக்குல தனக்கும் எடுத்துக்கிட்டு, ஜீப்பு வர்றதுக்குள்ள கெளம்பணும். அந்தப் பொம்பளைகிட்டப் போயி அம்மியில அரைச்சாத்தான் ருசின்னு சொல்லிப் பாருங்க, கையில இருக்கிற தூக்குவாளி உங்க மேல வரும். கேஸ் அடுப்பும் மிக்ஸியும் அவங்களுக்குக் கொடுத்தது தெனம் ரெண்டு மணி நேரத் தூக்கம்.

அப்போ பழசெல்லாம் குப்பையா? இல்லவே இல்லை. கம்பு நல்ல தானியம். எங்க மானாவாரி மண்ணுக்கு அது ஏத்தது, கொஞ்சத் தண்ணி போதும். அதனாலதான் கேக்குறேன். ஐ.நா. சபை 2023ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. டெல்லியில விருந்து, சென்னையில கண்காட்சி. ஆனா 2024-25ல கம்புக்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,625 ரூபாய். கிலோ 26 ரூபாய் 25 காசு. நீங்க வாங்குற கம்பு நூடுல்சு, கம்பு பிஸ்கட்டுப் பொட்டலத்தைத் திருப்பி விலையைப் பாருங்க, எடையையும் பாருங்க, கிலோவுக்குக் கணக்குப் போடுங்க. நடுவுல இருக்கிற காசு எங்கிட்ட வரலை. கதிர் பால் பிடிச்சதுல இருந்து குருவி வெரட்ட விடியமுன்ன காட்டுக்குப் போறது நானும் என் சம்சாரமும். பொட்டலத்து மேல பாட்டி படம் போட்டு, பாரம்பரியம்னு எழுதி விக்கிறது வேற ஆளு. அந்தக் காலத்துல பாட்டி உழைப்புக்குக் கூலி இல்லை. இப்ப பாட்டி படத்துக்கும் கூலி இல்லை.

உங்க ஏக்கம் நெசம்னா இதைச் செய்யுங்க. ஊருக்கு வர்றப்போ கம்பு, கேப்பை, சாமை வெதைச்சவங்ககிட்டயே நேரா வாங்குங்க. கடைக்காரன்கிட்டப் பேசாத பேரத்தை எங்ககிட்டப் பேசாதீங்க. அதிரசம், முறுக்கு வேணும்னா சுட்டு விக்கிற பொம்பளைக ஊருக்கு நாலு பேரு இருக்காங்க, அவங்க சொன்ன விலையைக் கொடுங்க. கைப்பக்குவம்தான் வேணும்னா ஆம்பளைகளும் அம்மியில உக்காருங்க. பாட்டி சமையல்னு பெருமையா எழுதுறப்போ, அந்தப் பாட்டி எத்தனை மணிக்கு எந்திரிச்சுச்சு, எப்பச் சாப்பிட்டுச்சுன்னும் ரெண்டு வரி எழுதுங்க. பாட்டி உசுரோட இருந்தா அதையே கேட்டு எழுதுங்க.

இது எதுவும் முடியாதுன்னா ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அடுத்த பொங்கலுக்கு ஆட்டுக்கல் படத்தை எனக்கு அனுப்பாதீங்க. கொல்லையில நெசக்கல்லே கெடக்கு. வேணும்னா வண்டியோட வந்து எடுத்துட்டுப் போங்க, காசு வேண்டாம். தூக்கி ஏத்தி விட மட்டும் நாலு ஆளைக் கூட்டிட்டு வாங்க.