கேள்வி இல்லாத அறிவியல் நாள்

ஒளிச்சிதறல் பற்றிய தன் கண்டுபிடிப்பை சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று அறிவித்தார். 1987 முதல் அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். நம் பொறியியல் கல்லூரிகளில் அன்று குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, நினைவுப் பரிசு எதற்கும் குறைவிருக்காது. மார்ச் 22 தண்ணீர் நாள், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், செப்டம்பர் 15 பொறியாளர் நாள், டிசம்பர் 22 கணித நாள் என்று பேனரில் பெயர் மட்டும் மாறும். நிகழ்ச்சி நிரல் மாறாது. கேள்வி நேரம் என்று அச்சிட்டிருந்தாலும், விருந்தினர் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் வெட்டப்படுவது அதுதான்.

இதற்கு மாணவர்களின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது எளிது. உண்மையில் கோளாறு அளவுகோலில் இருக்கிறது. வகுப்பறைக்கு வெளியே ஒரு கல்லூரி என்ன செய்கிறது என்று ‘நாக்’ போன்ற தர மதிப்பீட்டு அமைப்புகள் கேட்பது நியாயமே. ஆனால், எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் பங்கேற்பு, ஜியோ டேக் செய்த படம் எங்கே என்று விடையை வாங்கும்போது, கல்லூரிகள் அவற்றையே உற்பத்தி செய்கின்றன. இருக்கைகளை நிரப்ப இரண்டு வகுப்புகளை அப்படியே அரங்குக்கு அனுப்புகிறார்கள். மாணவருக்கு ஓ.டி.யும் (வகுப்புக்கு வராமலே வருகைப்பதிவு) சான்றிதழும் கிடைக்கின்றன. ஆசிரியருக்கு அறிக்கை எழுதும் வேலை சேர்கிறது. கேட்டவர்களிடம் என்ன மாறியது என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

ராமனின் ஆய்வோ ஒரு கேள்வியில் தொடங்கியது. 1921இல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தவர், அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற விளக்கத்தை ஏற்கவில்லை. அந்த ஐயம்தான் கே.எஸ். கிருஷ்ணன் உள்ளிட்ட மாணவர்களுடன் செய்த ஆய்வுகளின் வழியே 1928 வரை வந்தது. 1968இல், எண்பது வயதில், அகமதாபாத்தில் ஓர் அறிவியல் மையத்துக்கு அடிக்கல் நாட்டப் போனபோதும், வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதையே பேச்சுக்கு எடுத்துக்கொண்டார்.

பொறியியல் கல்லூரிக்குக் கேள்வியை வெளியே தேட வேண்டியதில்லை. விடுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு எவ்வளவு? இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீர் எங்கே போகிறது? கணினி ஆய்வகத்தில் ஒதுக்கிய மானிட்டர்களை யார் எடுத்துப் போனார்கள்? தண்ணீர் நாளுக்குச் சுவரொட்டிப் போட்டி வைப்பதைவிட, மாதந்தோறும் நீரை அளந்து அந்த அட்டவணையை மேடையேற்றினால், நகராட்சிப் பொறியாளரையும் பக்கத்து ஊர் விவசாயியையும் அழைத்து விவாதிக்க விஷயம் இருக்கும். அளவு தவறு என்று ஒருவர் எழுந்து சொன்னால், அங்கே அறிவியல் நடக்கிறது.

வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியரிடம் இதையும் சுமத்தலாமா என்ற ஆட்சேபம் சரியானதே. அதனால்தான் எண்ணிக்கை குறைய வேண்டும். ஆண்டுக்குப் பத்து விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்குப் பதில் இரண்டு போதும். திருச்சி என்.ஐ.டி.யின் ‘பிரக்யான்’, சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாஸ்த்ரா’ போன்ற பெருவிழாக்களையே மாணவர்கள் முன்னின்று நடத்தும்போது, ஒரு கருத்தரங்கின் தலைப்பையும் பேச்சாளரையும் தேர்ந்தெடுக்கும் உரிமையை மற்ற கல்லூரிகளும் அவர்களுக்குத் தரலாம். பாதி நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்கி, தமிழில் கேட்கவும் இடம் தர வேண்டும். ஆங்கிலத்துக்குத் தயங்கிக் கடைசி வரிசையில் வாய்மூடி இருப்பவரிடம் நல்ல கேள்வி இருக்கலாம்.

மதிப்பீட்டுக் குழுக்களும் படங்களின் கோப்பைக் குறைத்து, ஒரே ஒரு பக்கம் கேட்கட்டும்: இந்த நிகழ்ச்சியில் எழுந்த கேள்விகள் எவை, ஆறு மாதத்தில் அவற்றை யார் எதுவரை கொண்டுபோனார்கள்? அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் உண்டு என்று அறிவித்தால், கல்லூரிகள் அடுத்த பருவத்திலேயே நிகழ்ச்சி நிரலை மாற்றி எழுதும்.