பதிவேட்டில் இல்லாதவர்கள்



பங்கின் வரலாறு என்றால் அங்கே பணியாற்றிய குருக்களின் பெயர்ப்பட்டியல் என்றே பலர் எண்ணுகின்றனர். அப்பட்டியல் தேவைதான். ஆனால் அது வரலாற்றின் பாதி.

கடம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நன்கறிந்த காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா ஆலயத்தையே எடுத்துக்கொள்வோம். 1606-இல் தொடங்கிய மதுரை மிஷனின் பழம்பெரும் தலங்களுள் அது ஒன்று. 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர், தேம்பாவணி பாடுவதற்கு முன்னரே அங்குப் பணிபுரிந்தார். இதனை நம் பிள்ளைகளும் சொல்வார்கள். அதன்பின் நடந்ததைக் கேட்டால்தான் மௌனம்.

1773-இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். முதிய குருக்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்களிடத்தில் புதியவர் வரவில்லை. 1814-இல் சபை மீண்டும் உயிர்பெற்றது எனினும், அதன் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்ப 1838 ஆயிற்று. இடையில் 65 ஆண்டுகள்! கோவாவிலிருந்து வந்த குருக்களின் உழைப்பு சிறிதன்று. ஆயினும் ஒருவர் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள். அவர் வந்துபோன பின்னர், அடுத்த வருகை வரை ஊரில் விசுவாசத்தைக் காத்தவர் யார்? உபதேசியார். மாலையில் செபம் சொல்லுவித்தவரும், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு அளித்தவரும், மரித்தவரை அடக்கம் செய்தவரும் அவரே. இன்னும் சொல்லப்போனால், பிள்ளைக்கு மந்திரங்களை மனப்பாடம் செய்வித்த பாட்டியே முதல் உபதேசியார். அன்னை விண்ணகத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டதைப் பன்னிரண்டாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாகப் பிரகடனம் செய்தது 1950 நவம்பர் 1-ஆம் நாள். அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே கரிசல் உழவர்கள் அவரைப் பரலோக மாதா என்று அழைத்து வணங்கிவந்தனர்.

ஆகஸ்டு 15 இங்கே பொருத்தமான நாளும்கூட. ஆடி கழியும் நேரம்; கரிசல் வெடித்துக் கிடக்கும்; பருத்தியும் கம்பும் விதைக்கப் புரட்டாசி மழை வரவேண்டும். கையில் வேலையில்லை, மனத்தில் கவலை நிறைய. அந்நாளில் மாதாவிடம் செல்பவன் எதைக் கேட்பான் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. (திரும்பும்போது கடம்பூர்ப் போளி வாங்குவதும் பக்திக்கு இழுக்கன்று!)

இன்று நம் இளைஞர் பலர் பிழைப்புக்காகச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட்டனர். திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். கோவில் மணியை நாள்தோறும் அடித்த கோவில்பிள்ளையின் பெயரோ, சுவருக்கு மண் சுமந்த பெண்களின் பெயரோ அதில் இராது. அவை வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. அப்பெரியவர்களோ எண்பதைக் கடந்துவிட்டனர்.

ஆதலின் இம்முறை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருவோம். ஒரு நோட்டுப்புத்தகத்துடன் தாத்தா பாட்டியின் அருகில் அமரட்டும். ஊரில் உபதேசியாராக இருந்தவர் யார், பழைய கோவில் எங்கே நின்றது, தேருக்கு மரம் கொடுத்தது எந்த வீடு, மழை பொய்த்த ஆண்டில் திருவிழா எவ்வாறு நடந்தது என்று கேட்டு எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தால் பாதகமில்லை. எழுதியதைப் பங்கு இல்லத்தில் சேர்ப்பியுங்கள். பதிவேடுகள் இருக்கும் அதே அலமாரியில் வைப்போம்.