கட்டுரைக்கு எத்தனை சொல் போதும்?

கைப்பேசியில் படிப்பவருக்காக எழுதும்போது எவ்வளவு நீளம் போகலாம் என்ற கேள்விக்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. முந்நூறு சொல்லைத் தாண்டினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது ஒன்று. ஆயிரத்து ஐந்நூறு சொல்லாவது இருந்தால்தான் கூகுள் தேடலில் மேலே வரும் என்பது இன்னொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும், வாசகரை இழுப்பது நீளம்தான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இரண்டும் நிற்கின்றன. அந்த நம்பிக்கையே தவறு. கட்டுரையைத் திறக்கும்வரை அது எவ்வளவு நீளம் என்பதே வாசகருக்குப் பெரும்பாலும் தெரியாது. தலைப்பும், அந்த விஷயத்தில் அவருக்கு இருக்கும் தேவையும்தான் அவரை உள்ளே அழைத்து வருகின்றன. வந்தவர் தங்குவாரா, திரும்பிவிடுவாரா என்ற இடத்தில்தான் நீளத்துக்கு வேலை வருகிறது.

இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், 30 செய்தித் தளங்களில் வெளியான 74,840 கட்டுரைகளைக் கைப்பேசி வாசகர்கள் 2015 செப்டம்பரில் எப்படிப் படித்தார்கள் என்று ஆராய்ந்து, மறு ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. ஆயிரம் சொல்லுக்கு மேற்பட்ட கட்டுரைகளுக்கும் அதைவிடச் சிறியவற்றுக்கும் வந்த வருகை, கட்டுரைக்குக் கட்டுரை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிறியவற்றில் வாசகர் சராசரியாக 57 விநாடி இருந்தார். நீளமானவற்றில் 123 விநாடி. நீளம் யாரையும் வாசலில் தடுக்கவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. அதே சமயம், இரண்டு நிமிடத்தில் ஆயிரம் சொல்லை நிதானமாகப் படித்து முடிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீளமான கட்டுரையில் பலர் பாதியிலேயே இறங்கிவிடுகிறார்கள். முக்கியமான செய்தியைக் கடைசிப் பத்திக்காகச் சேமித்து வைக்கும் எழுத்தாளர் இங்கேதான் தோற்கிறார்.

மக்கள் இணையத்தில் படிப்பதே இல்லை, மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுகிறார்கள், அதனால் சுருக்கமே வழி என்று சிலர் வாதிடுவார்கள். அவர்கள் பக்கமும் ஆதாரம் உண்டு. இணையப் பயன்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், தம் சோதனையில் பங்கேற்றவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தார்கள் என்று 1997-லேயே எழுதினார். சராசரி வருகையில் ஒரு பக்கத்தின் சொற்களில் அதிகபட்சம் 28 சதவீதத்தைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்று 2008-இல் கணக்கிட்டார். ஆனால் கண்ணை ஓட்டுவது படிக்க மறுப்பதாகாது. தனக்கு வேண்டியது இங்கே இருக்கிறதா என்று தேடுவதுதான் அது. கிடைத்த இடத்தில் அதே கண் நிற்கும். அப்படிப்பட்ட வாசகருக்குத் துணைத்தலைப்பும், பத்தியின் முதல் வரியிலேயே அதன் சாரமும் தேவை. வெட்டிக் குறைத்த கட்டுரையில் அவர் தேடி வந்த விவரமே வெட்டுப்பட்டுப் போயிருந்தால் சுருக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

நீளத்தை வலிந்து கூட்டுபவர்கள் செய்வது இதைவிடப் பெரிய கெடுதல். பட்டா மாறுதலுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று ஒருவர் தேடுகிறார். பத்து வரியில் முடியும் பதில் அது. திறந்த பக்கமோ நிலம் மனிதனின் அடிப்படைத் தேவை என்று தொடங்குகிறது. பட்டா என்றால் என்ன, அதன் வரலாறு என்ன, அது ஏன் முக்கியம் என்று நான்கு பத்தி போகிறது. அவர் தேடிய பட்டியல் எங்கோ அடியில் கிடக்கிறது. கூகுள் இதைத்தான் விரும்புகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் எழுதுபவர்களுக்கான தன் வழிகாட்டுதலில் கூகுளே, தனக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை என்று எதுவும் இல்லை எனத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நடுவே ஒரு பொன்னான அளவு இருக்கிறதே என்பாரும் உண்டு. கட்டுரைகளை வெளியிடும் மீடியம் இணையதளம் 2013-இல் தன் வாசகர்களின் நேரத்தை அளந்து, ஏழு நிமிடத்தில் படிக்கக்கூடிய கட்டுரைகளே அதிக நேரம் வாசிக்கப்படுவதாகக் கண்டது. ஆங்கிலத்தில் அது சுமார் 1,600 சொல். அந்த எண்ணை இன்றும் பலர் மந்திரம்போல் சொல்கிறார்கள். ஆனால் கட்டுரைக்குக் கட்டுரை பெரும் வேறுபாடு இருந்ததையும், நல்ல எழுத்து எந்த நீளத்திலும் வாசிக்கப்பட்டதையும் அதே ஆய்வு குறிப்பிட்டது. மேலும், ஆங்கிலச் சொல் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் பிடிக்கும். 1,600 தமிழ்ச் சொல் கேட்கும் ஆசிரியர் ஆங்கில வாசகருக்குக் கிடைப்பதைவிட மிக நீண்ட கட்டுரையைக் கேட்கிறார்.

தமிழ் வாசகருக்குப் பொறுமை இல்லை என்ற பேச்சையும் ஏற்பதற்கில்லை. தமிழ் வாசகர்கள்தான் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை வாரம் தவறாமல் தொடர்ந்தார்கள். கைப்பேசி இல்லாத காலம் அது என்பது உண்மை. ஆனால் அன்றும் அடுத்த இதழை வாங்காமல் விட வாசகருக்கு முழு உரிமை இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று முழுதாகக் கையில் கிடைத்ததால்தான் அவர் திரும்பி வந்தார். இன்றைய நீண்ட கட்டுரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அந்தக் கடமை உண்டு. ஆகவே எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் சொல் எண்ணிக்கையில் தொடங்க வேண்டாம். வாசகரின் கேள்வி என்ன என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளட்டும். அதற்கு முழுமையாகப் பதில் சொல்ல எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இடம் கொடுக்கட்டும். எந்தப் பத்தியை எடுத்தாலும் பதில் குறையவில்லை என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடட்டும். அப்படி நின்ற கட்டுரை இருநூறு சொல்லாக இருந்தாலும் இரண்டாயிரமாக இருந்தாலும், அதுதான் அதன் சரியான அளவு.